கண்டியில் ஒரு துணியின் ஓரம்

அறிமுகமே இல்லாத ஓர் ஆளின் வேட்டி ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் நெசவுக்காரர் வீட்டில் பிறக்கவில்லை. ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு விருந்தாளி வந்தால், வாய் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கை அவர் துண்டைப் பிடித்திருக்கும். கைத்தறியா, மில்லா, எத்தனாம் நம்பர் நூல் என்று விரலே சொல்லிவிடும். வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் விரல் அதற்குள் நம் வேட்டிக்கு வந்திருக்கும்.

இந்த விரல்களோடுதான் நான் கண்டிக்குப் போனேன்.

அப்போது சேலத்தில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். சரித்திர வாத்தியார் எங்களில் ஆறு பேரை இலங்கைக்கு அழைத்துப் போனார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போதே சொல்லிவிட்டார்: சென்னையில் ஆனர்ஸ் சேர ஒரே ஒருவனுக்குத்தான் சிபாரிசுக் கடிதம், ஊர் திரும்பியதும் யாருக்கென்று முடிவு செய்வேன் என்று. அந்தக் கடிதம் இல்லாமல் எங்களைப் போன்றவர்களை அங்கே வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். வகுப்பில் நான்தான் முதல். இரண்டாவது, ஓமலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் மகன். எனக்குச் சிநேகிதன், பெஞ்சில் பக்கத்து இடம்.

காலையில் கண்டி ஏரிக்கரையில் தூறலில் நடந்தோம். இந்த ஏரியை வெட்டிய ராஜாவை வெள்ளைக்காரன் எங்கே கொண்டுபோய் அடைத்தான் என்று வாத்தியார் கேட்டார். "வேலூருங்க சார்" என்றேன். அடுத்த கேள்விக்கும் நான்தான். அதற்கடுத்ததற்கும் நான்தான்.

"ஏப்பா, கொஞ்சம் வாய மூடு. எங்களுக்கும் ரெண்டு பதில் மிச்சம் வெய்யி" என்றான் சிநேகிதன். நான் மூடவில்லை. கடிதம் கிட்டத்தட்ட என் சட்டைப் பையில் இருந்தது.

ராஜா கொலுவிருந்த மண்டபத்தைச் சுற்றிக் காட்ட ஒரு பெரியவர் வந்தார். வாத்தியாருக்குத் தெரிந்தவர், கண்டிப் பிரபுக்கள் பரம்பரை. இடுப்பில் அடுக்கடுக்காகச் சுற்றிய துணி, அதில் அகலமான கரை. அதைக் காட்டி, "இது என் பாட்டனாருக்கு ராஜா கொடுத்தது. அரண்மனைத் தறியில் நெய்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். வாத்தியார் அதைக் கும்பிடாத குறை.

எல்லோரும் மரத்தூண்களில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்தார்கள். நான் பெரியவருக்குப் பின்னால் நின்றேன். துணியின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கை போய்விட்டது.

"என்றா பண்ற?" என்று சிநேகிதன் கிசுகிசுத்தான்.

"மில் துணிடா. ஓரத்தப் பாரு, கத்தில வெட்டுன மாதிரி நேரா இருக்குது. கைத்தறில இப்படி வராது. ராஜாவாவது குடுக்கறதாவது. மான்செஸ்டர்ல இருந்து கப்பல்ல வந்திருக்குது."

அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். வாத்தியார் திரும்பினார். "என்ன அங்கே சிரிப்பு?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னான்: "இவன் அந்தப் பெரியவர் துணியத் தொட்டுப் பாத்துட்டு, ராஜா குடுத்ததில்ல, மில் துணிங்கறானுங்க சார்."

தமிழ்தானே, அவருக்கு என்ன புரியப்போகிறது என்றுதான் நானும் இருந்தேன். பெரியவர் மெதுவாகத் துணியை இழுத்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களோடும் அவர்களை மேய்க்கும் கங்காணிகளோடும் பேசிப் பழகிய தமிழில் கேட்டார்: "நீ எந்தத் தோட்டம்? உன் கங்காணி எங்கே?"

வாத்தியார் இங்கிலீஷில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். புத்தர் பல்லை வைத்திருக்கும் கோயிலுக்குள் எல்லோரும் போனபோது என்னை வெளியே நிறுத்திவிட்டார். ஆறு ஜோடி செருப்புக்கு நான் காவல். கண்டியில் நான் அதிக நேரம் பார்த்தது அவற்றைத்தான்.

திரும்பும் கப்பலில் வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நிஜமாவே மில் துணிதானா?"

"ஆமாங்க சார்."

"எனக்கும் சந்தேகம் இருந்தது" என்றார். போய்விட்டார்.

அடுத்த வாரம் கடிதம் சிநேகிதனுக்குக் கிடைத்தது. "தப்பா நெனச்சுக்காதடா. அவரு கேட்டாரு, சொன்னேன்" என்றான். "அடுத்த தடவ கையக் கட்டிக்கிட்டு வா."

அந்தப் பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யாரோ சொன்னதை நம்பியிருப்பார். வாத்தியாருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. தெரிந்தும் என்னைச் செருப்புக்குக் காவல் வைத்தார், தெரிந்தும் கடிதத்தை அவன் கையில் கொடுத்தார். சிநேகிதன் சென்னையிலிருந்து எழுதும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

இப்போது சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில், வந்து இறங்கும் துணியைத் தேய்த்துப் பார்த்து நூல் நம்பர் சொல்வது என் வேலை. வாசலில் வண்டி வந்து நிற்கிறது, பதினோரு மூட்டை.