எலியின் இடது காது

நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வதந்தி: மேற்கோள் எண்ணிக்கை ஏற ஏற ‘எலி மேடம்’ முகம் இறங்குகிறதாம். வதந்தி என்றால் பாதியாவது பொய்யாக இருக்க வேண்டும். விசாரித்ததில் ஏமாற்றமே மிச்சம்; முழுக்க உண்மை.

எலிகளின் ஞாபகசக்தியைத் துருவித் துருவிப் பதினெட்டு வருஷம் போக்கிய ஆராய்ச்சியாளருக்கு வைத்த பட்டப்பெயர் அது. எழுதியவை முப்பத்தொரு கட்டுரைகள். முப்பதை அவர் கணவர்கூடப் படித்ததில்லை. மிச்சமிருந்த ஒன்று பிய்த்துக்கொண்டு போனது: ஒரு மாத்திரை கொடுத்தால் கிழட்டு எலிக்கும் வழி மறக்காது என்ற கட்டுரை. ஆயிரத்து நானூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். இயக்குநர் மாதாமாதம் அந்த எண்ணை வரவேற்பறைப் பலகையில் மாற்றி எழுதச் சொல்வார். என்ன சொல்லிக் காட்டினார்கள் என்று பார்ப்பது அவர் வேலையில்லை.

மேடம் பார்த்தார். ‘எங்களுக்கு அப்படி வரவில்லை’ என்றது மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரை. ‘எங்கள் எலிகள் வழியை மறந்தன’ என்றது அடுத்தது. அந்த மாதம் வந்த ஐம்பதில் நாற்பத்தொன்று அதே பல்லவி. பக்கத்து மருத்துவமனையிலோ, திங்கட்கிழமை முதல் நாற்பது முதியவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அன்று வியாழன்.

மேடம் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவரிடம் போனார்.

“அண்ணா, மாத்திரை தின்ன எலிக்கு எந்தக் காதுல வெட்டி அடையாளம் வெப்பீங்க?”

“இடது காதுல. வெறும் தண்ணி குடிச்சதுக்கு வலது. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா?”

“ஒண்ணைப் பிடிச்சுக் காட்டுங்க.”

அவர் எலியை முதுகுப் பக்கமிருந்து பிடித்து, அதன் இடது காதைத் தொட்டார். மேடமோ சோதனை மேசையில் எப்போதும் எலியை முகத்துக்கு முகம் பார்த்தபடிதான் பிடிப்பார். அவர் இடது என்று குறித்ததெல்லாம் எலிக்கு வலது. அப்படியென்றால், வழியை மறந்தவைதான் மாத்திரை தின்றவை.

“எலி பக்கத்துலேருந்து பாக்கணும் மேடம். எதிர்ல நிக்கறவன் காலைப் பாத்தா நாம செருப்பு போடுவோம்?”

இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஆயிரத்து நானூறு பேரும்மா. அத்தனை பேரும் தப்பா சொல்லுவாங்களா?”

“சார், தப்புன்னுதான் சொல்றாங்க.”

“எப்படியோ, சொல்றாங்கல்ல. திங்கட்கிழமை தொடக்க விழா முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

மேடம் காத்திருக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இதழுக்கு அனுப்பிவிட்டு, நகலோடு மருத்துவமனைக்கு நடந்தார். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் இரண்டு முறை படித்தார். நாற்பது பேருக்கும் வேண்டாம் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒருத்தருக்கு மட்டும் முன்னாடியே ஆரம்பிச்சுட்டோம். மூணு வாரம் ஆச்சு. இன்னிக்கே நிறுத்திடறேன்.”

அந்த ஒருத்தர், ஓய்வுபெற்ற தையல்காரர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நானும் ஒரு சட்டைக்குக் கையை மாத்தி வெச்சுத் தெச்சிருக்கேன்மா. பிரிச்சுத் தெச்சுக் குடுத்துட்டேன்.” தன் சட்டைக் கையின் தையலை விரலால் நீவினார். “போன வாரம் ரெண்டாவது பொண்ணு பேரு வாயில வரலை. அது வயசாலயா, மாத்திரையாலயா?”

“தெரியலைங்க. கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

நாலு மாதமாயிற்று. செவ்வாய்தோறும் மேடம் அவரைப் பார்க்கப் போகிறார். போன வாரம் தையல்காரர், “என்ன விஷயமா வந்தீங்கம்மா?” என்று மரியாதையாகக் கேட்டார். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். பதில் மட்டும் இன்னும் பாக்கி.