டப்பாவை ஒளித்தவர்

எங்கள் வீட்டு நாய்க்கு மோப்பம் பழக்கியது திருடனைப் பிடிக்க இல்லை, போட்டிக்கு. இப்படியொரு போட்டி இருக்கிறதென்று சொன்னதே பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான். புது வீட்டில் நாய் வளர்க்க விடமாட்டார்களென்று அந்த பீகிள் ஜாதி நாயைக் கொண்டுவந்து தூத்துக்குடியில் எங்கள் தலையில் கட்டிவிட்டு, "அம்மா, அதச் சும்மா போட்ராதீங்க, மூக்குக்கு வேல குடுங்க" என்று போனில் பாடம் நடத்தினாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! மனுஷிக்கு இடுப்பொடிய வேலை கிடக்கிறது, நாய்க்கு நான் வேலை கொடுக்க வேண்டுமாம்.

விளையாட்டு இதுதான். ஓட்டை போட்ட சின்ன டப்பாவுக்குள் கிராம்புத் தைலம் தொட்ட பஞ்சு. அதை ஒருவர் ஒளித்து வைக்க வேண்டும். நாயைக் கூட்டிப் போகிறவருக்கு இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் நாய் மோப்பத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். டப்பாவுக்கு முன்னால் அது உட்கார்ந்ததும், அதே இடத்தில் தின்பதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். என்ன கோபம் இருந்தாலும் சரி, கண்டுபிடித்த நாயை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது.

ஒளிப்பது என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, பொழுது போகாமல் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவர், இதில் அப்படியே விழுந்துவிட்டார். தினமும் ஐந்து மணிக்கு டப்பாவும் கையுமாக நிற்பார். "ஏளா, இன்னைக்கு ஒன் நாயி தோத்துச்சுன்னு வச்சுக்கோ!" ஒருநாள் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்துவிட்டார். நாய் ஒரு சாளைக் கருவாட்டைக்கூடத் தொடாமல் கூடை முன்னால் சமர்த்தாக உட்கார்ந்தது. அன்றைக்கு அதைத் தூக்கிக் கொஞ்சினேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம், "எங்கன வச்சேன்னு தெரியலயேளா" என்று தலையைச் சொறிந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இதுக்கு ஒங்கள விட்டா ஆளு உண்டா! ஒளிச்சவருக்கே தெரியல!" மகளிடமும் சொல்லிச் சிரித்தேன். சில மாதத்திலேயே குளியலறை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். டாக்டர் தலையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மறதி கூடத்தான் செய்யும், குறையாது என்றார்.

இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டார். டீக்கடை அண்ணாச்சிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டப்பாவை அவர் சட்டைப் பைக்குள் போட்டு ஊக்கு குத்திவிட்டேன். மூன்று தடவை சோதித்தும் பார்த்தேன், தெருக்கோடியில் அவரை உட்காரவைத்துவிட்டு. மூன்று தடவையும் நாய் நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்தது. அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு காலையில் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. நாற்காலியில் கிடந்த அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாய்க்கு வாரை மாட்டி, "தேடு" என்றேன். என்ன இழுப்பு இழுத்தது! மீன் கடைகளையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. வந்துட்டேங்க, வந்துட்டேங்க என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். கடற்கரை ரோட்டில் குகை மாதிரிக் கட்டிய ஒரு மாதா கெபி முன்னால் போய் நாய் உட்கார்ந்தது.

அவர் இல்லை. மாதா சுரூபத்தின் காலடியில், பூச்சாடிக்குப் பின்னால் டப்பா இருந்தது. பக்கத்தில் ஊக்கு, ஒழுங்காக மூடி வைத்தபடி. தவறி விழவில்லை. வாசம் வெளியே வருமாறு ஓட்டைப் பக்கத்தை முன்னால் வைத்து, எப்போதும் ஒளிப்பது போலவே ஒளித்துவிட்டுப் போயிருக்கிறார், பாவி மனுஷன்.

துண்டை நாயின் மூக்கில் வைத்துத் தேய்த்தேன். "இவுகளத் தேடு, இவுகளத் தேடு" என்று கெஞ்சினேன். அது துண்டை முகர்ந்து வாலை ஆட்டியது, திரும்பவும் டப்பா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எட்டி மிதிக்கத்தான் கால் வந்தது. அது என்ன செய்யும்? இரண்டு வருஷமாக நான் அதற்குக் கிராம்பைத்தான் கற்றுக்கொடுத்தேன், அவரைக் கற்றுக்கொடுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேனே என்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த பிஸ்கட்டை எடுத்து, அங்கேயே நின்று ஊட்டினேன்.

ஒன்பது மாதமாகிறது. போலீஸ், ஆஸ்பத்திரி, திருச்செந்தூர் வரை கோயில் வாசல்கள், எல்லாம் பார்த்தாயிற்று. இனிமேல் வருவாரென்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணியானால் நாய் டப்பா இருக்கும் அலமாரியடியில் போய் நிற்கிறது. நேற்றுப் பொறுக்கமாட்டாமல் நானே எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "தேடு" என்றேன். அது மூக்கைத் தரையில் வைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தது, நேரே போய் உட்கார்ந்தது. எனக்கு இடம் தெரியாதபடி ஒளித்துவைக்க இந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.