தூக்கத்தைக் கெடுக்காத காப்பி

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பல் முளைக்காத பிள்ளைக்கும் கோப்பி ஓ என்கிற பாலில்லாத கடுங்காப்பியில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டிய வம்சம் நாங்கள். எண்பதுகளில் தோட்டத்தை விட்டு நகர்ப்புறமான சிலிபினுக்குக் குடிவந்ததும், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அத்தைக்கு எங்கள் உடம்பின் மேல் திடீர் அக்கறை பிறந்தது. டிகாஃப் காப்பித்தூள் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"தூக்கத்தைக் கெடுக்கிற சரக்க முக்காவாசி எடுத்துட்டாங்க அண்ணி. பிள்ளைங்களுக்கு எப்பவாவது கொஞ்சம் குடுத்தா பரவால்ல லா."

அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சட்டி கழுவிய தண்ணீர்போல் இருந்ததாம். பிள்ளைகள் பாவம் என்று, ருசிக்காக வழக்கமான காப்பித்தூளில் இரண்டு கரண்டியும் தாராளமாக டின் பாலும் சேர்த்தார். ஆபத்தில்லாத காப்பிதானே! தினமும் ஆளுக்கு மூன்று கோப்பை.

மறுவாரம் அத்தை வந்தபோது நாங்கள் நாற்காலிக்கு நாற்காலி தாவிக்கொண்டிருந்தோம்.

"பாத்தீங்களா அண்ணி, பழைய காப்பிய நிறுத்துனதும் பிள்ளைங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குதுங்க!" என்றவர், இன்னொரு போத்தலையும் வைத்துவிட்டுப் போனார்.