ஒற்றை ஆள் பிதுக்கிய மொச்சை

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிவிட்டால் ஆம்பூரில் எல்லாருக்கும் கொண்டாட்டம். மதியழகனுக்கு மட்டும் பயம். ஷூ கம்பெனியில் முப்பது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறவர் அவர். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போட்டுவிடுவார். சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரே அவரிடம்தான் தோலைக் கொண்டுவந்து நீட்டுவான். அப்படிப்பட்ட கெட்டிக்காரருக்கு லீவு என்றால் ஏன் இப்படி உதறல் எடுக்க வேண்டும்? காரணம் சாதாரணம்தான். வேலை நாளில் பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது. லீவு நாளில் வீட்டில் ஒருவரும் இல்லை.

போகிக்கு முந்தின நாள் ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பின. குடியாத்தம் பஸ்ஸில் ஏறிக்கொண்டே ஸ்டிச்சிங் பெண் ஒருத்தி கேட்டாள்.

"நீங்க எப்போ ஊருக்குக் கெளம்புறீங்கண்ணே?"

"கெளம்பணும்மா, கெளம்பணும்" என்றார்.

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். ஊர் இல்லாமல் இல்லை. நெமிலிக்குப் பக்கத்தில் சொந்த ஊர் இருக்கிறது, அங்கே சொந்த அண்ணன் ராமமூர்த்தி இருக்கிறார், பிறந்த வீடும் இருக்கிறது. அதற்குள் கால் வைக்கத்தான் இவருக்கு வழியில்லை.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருந்த ஜோதியை அவர் கல்யாணம் செய்துகொண்டார். குடியாத்தத்துப் பெண், நெசவுக் குடும்பம், வேறு சாதி. மதியழகனின் அப்பா முன்பே போய்விட்டதால் குடும்பத்துக்குச் சித்தப்பாதான் பெரிய தலை. அவர் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இந்த வூட்டு நல்லது கெட்டது எதுவும் இனிமே இவன் காதுக்குப் போவக் கூடாது. இவன் நமக்குப் பங்காளி இல்ல."

நல்லது காதுக்கு வராவிட்டால் போகட்டும். கெட்டது வராமல் போவதுதான் பெரிய தண்டனை என்று அப்போது மதியழகனுக்குப் புரியவில்லை. பங்காளி என்றால் வரப்புக்குச் சண்டை போடுகிறவன் என்று கேலி பேசுவோம். ஒரு சாவு விழுந்தால்தான் அந்த உறவின் கனம் தெரியும். ஒரு வீட்டில் உயிர் போனால் அத்தனை பங்காளி வீட்டுக்கும் தீட்டு. காரியம் முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் பண்டிகை கிடையாது, பொங்கலே வந்தாலும் பானை ஏறாது. அதனால் எந்த மூலையில் இருந்தாலும் பங்காளிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் அவன் கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மார்கழிக் கடைசியில் அவருடைய அம்மா இறந்தாள். யாரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் பொங்கல் வந்தது. ஜோதி புதுப்புடவை கட்டிக்கொண்டு மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். இவர் புதுவேட்டி கட்டிக்கொண்டு, பால் பொங்கியபோது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார். தை முடிகிற நேரத்தில் வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரர் ஒருவர் இவரைப் பார்த்துவிட்டு, "அம்மா காரியத்துக்குக் கூட வரலியேப்பா நீ" என்றார். பஸ் வந்தும் ஏறாமல் மதியழகன் அந்தச் சிமெண்டு பெஞ்சிலேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

தீட்டு என்பது சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் ஆரம்பம், தெரியாமல் செய்தது தோஷமில்லை என்று கோயில் பூசாரி சமாதானம் சொன்னார். சாஸ்திரம் ஒத்துக்கொண்டது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவள் மண்ணுக்குள் போய் எட்டு நாள்கூட ஆகாமல் வெல்லம் தட்டிப்போட்டுப் பொங்கித் தின்றோமே என்று ஜோதி அழுதாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுப்பு மூட்டும்போது மதியழகனுக்கு அந்தப் பயம் வந்துவிடும். ஊரில் இப்போது யாராவது செத்துக் கிடக்கிறார்களோ, நாம் இங்கே பானை வைக்கிறோமோ என்ற பயம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் நம்பர்கூட அவரிடம் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதக் கடைசியில் ஜோதியும் போய்விட்டாள். சிறுநீரகம் கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் படுத்திருந்து போனாள். பிள்ளைகுட்டி இல்லை. நெமிலிக்கு ஆள் அனுப்பிச் சொன்னார், ஒருவரும் வரவில்லை. வராதது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த வாரமே, ஆடி பிறந்ததும், அண்ணன் வீட்டில் எப்போதும் போல அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டதுதான் நெஞ்சை அறுத்தது. அவள் சாவு அவர்களுக்குத் தீட்டாகவே படவில்லை.

போகியன்று காலையில் மதியழகன் பஜாருக்குப் போனார். பச்சை மொச்சை குவியல் குவியலாகக் கிடந்தது.

"வூட்ல எத்தினி பேரு?" என்றாள் காய்க்காரி.

"ரெண்டு பேரு" என்றார்.

பொய்தான். ஒரு ஆள் என்று சொன்னால் அரைக் கிலோவைப் போட்டுத் தள்ளிவிடுவாள், அது போதாது. பிதுக்கம் பருப்புக் குழம்பு என்பது ஆள்பலம் கேட்கிற பண்டம். இரண்டு கிலோ காயை உரித்தால் ஒரு படி கொட்டை தேறும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் உப்பியதும் ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்க வேண்டும். பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும், தோல் விரலில் நிற்கும். அதை முடித்தால் பருப்பு அரைப் படிகூட இருக்காது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டே செய்கிற வேலை அது. தனியாகச் செய்தால் கையும் வலிக்கும், வாயும் வலிக்கும்.

மதியழகன் வீட்டில் மொச்சையைத் தோலோடுதான் போடுவார்கள். கல்யாணமான முதல் பொங்கலில் ஜோதி தட்டில் பிதுக்கம் பருப்பைப் போட்டபோது, "இன்னாது இது, கொட்டையை அம்மணமாக்கிப் போட்டுருக்கிற" என்று கிண்டல் செய்தவர் அவர். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கிண்டல் அடங்கிப்போனது. மறு வருஷத்திலிருந்து அவர் பிதுக்க, அவள் தேங்காயும் தனியாவும் அரைக்க என்று ஆகிவிட்டது. தோல் பார்க்கிற விரலாச்சே, சும்மா இருக்கலாமா என்று அவள்தான் அவரை வேலைக்கு இழுத்துவிட்டாள்.

பொங்கலன்று விடியும்போதே அவர் மாடியில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் குடியிருப்பது முனவ்வர் பேகத்தின் வீட்டு மாடியில், ஒரு அறையும் சமையல்கட்டும். பின்புறம் மொட்டை மாடி. ஊறிய கொட்டைகள் அலுமினியக் குண்டானில் பருத்துக் கிடந்தன. பிதுக்கிக்கொண்டே இருந்தார். பேச்சுத் துணை இல்லாத வேலையில் கைதான் ஓடும், நேரம் ஓடாது. நடுவில் ஒருமுறை, "அந்தக் குண்டான இப்படித் தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது, குண்டானைத் தானே இழுத்துக்கொண்டார்.

பருப்பு முடிந்தது. மூன்று செங்கல்லை வைத்து, கீழ்வீட்டிலிருந்து வாங்கிய தென்னமட்டையைப் பற்றவைத்து, மஞ்சள் கொத்து கட்டிய பானையில் பாலை ஊற்றி ஏற்றினார். புது அரிசியைக் களைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். இனிமேல்தான் அவருக்குப் பிடிக்காத கட்டம். பால் பொங்கும்போது கத்த வேண்டும். இரண்டு பேர் கத்தினாலும் கூட்டம் மாதிரி இருக்கும். ஒற்றை ஆள் மாடியில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் தெரு நினைக்கும். போன வருஷம் முணுமுணுத்து ஒப்பேற்றினார். இந்த வருஷம் அதையும் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மதியா? ராமு பேசுறன்."

"எந்த ராமு?"

"உன் அண்ணன்டா."

இருபத்தேழு வருஷத்தில் குரல் தடித்துப்போயிருந்தது.

"பானை வச்சிட்டியா?" என்றார் அண்ணன்.

"வச்சிருக்கேன்."

"பொங்கிடுச்சா?"

"இன்னும் இல்ல. ஆடை கட்டுது."

"எறக்கிடு. சித்தப்பா நேத்து சாயங்காலம் போய்ட்டாரு. நமக்கு இந்த வருஷம் பொங்கல் இல்ல."

நமக்கு. மதியழகன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. துணியைத் தேட நேரமில்லாமல் இரண்டு கையாலும் பானைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தார். போன் சாக்கின் மேல் விழுந்தது. விரல் தீய்ந்தது கூட அவருக்கு உறைக்கவில்லை.

"மதி? இருக்கிறியா?" என்று சாக்கிலிருந்து குரல் வந்தது. எடுத்தார்.

"இருக்கேன். எறக்கிட்டேன்." பிறகு தாங்க முடியாமல் கேட்டார், "எனக்குச் சொல்லணும்னு யாருண்ணே சொன்னாங்க?"

"இன்னாடா கேள்வி இது? பங்காளிக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்றது?" அண்ணன் அதட்டினார். அதட்டல் பாதியில் இறங்கிவிட்டது. "ஒன் நம்பர் ரெண்டு வருஷமா எங்கிட்ட இருக்குது. ஒங்க கம்பெனில வேல செய்ற பக்கத்தூர் ஆளுகிட்ட வாங்கி வச்சேன். சித்தப்பா உசுரோட இருந்தாரு, அதனால போடல."

"ஜோதி செத்தப்ப ஆள் அனுப்புனேண்ணே."

"தெரியும்டா." அண்ணன் பேச்சை மாற்றினார். "மூணு மணிக்கு எடுக்குறோம். வந்துரு."

தன்னை வெட்டிவிட்ட மனுஷன் செத்த சேதி. அதற்குத் துக்கப்படுவதா, இல்லையா என்று மதியழகனுக்குத் தெரியவில்லை. துக்கம் வரவில்லை, அதுதான் உண்மை. வந்தது சந்தோஷம். சாவுச் சேதி கேட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. அவர் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தார், மஞ்சள் கொத்தை அவிழ்த்தார், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய வேட்டியைக் கட்டினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது இதுதான்.

முனவ்வர் பேகம் படியேறி வந்தாள். அறுபத்தைந்து வயது, முட்டி வலி. பண்டிகைக்குப் பண்டிகை பண்டம் மாற்றிக்கொள்கிற வழக்கத்தில் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தாள்.

"இன்னா மதி, பால் பொங்கின சத்தமே காணோம்?"

"இல்ல பாயம்மா. எங்களுக்குத் தீட்டு."

"எங்களுக்குன்னா?" அவள் புரியாமல் பார்த்தாள். "ஒனக்குன்னு யாருப்பா இருக்காங்க?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்த மாடிப்படியில் ஒரு விருந்தாளி ஏறி அவள் பார்த்ததில்லை.

"எங்க சித்தப்பா போய்ட்டாரு பாயம்மா. எங்க அண்ணன் போன் பண்ணிச் சொன்னான். நான் போவணும்."

"இன்னா லில்லாஹி" என்று சாவு கேட்டால் சொல்கிற வார்த்தையை முனவ்வர் பேகம் முணுமுணுத்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். செத்துப்போனவருக்காக அழுகிற முகமாக அது இல்லை. ஆனால் கண் ரெண்டும் நிறைந்திருந்தது.

"பருப்பு பிதுக்கி வச்சிருக்கேன். நீங்க கொண்டுபோய்க் குழம்பு வச்சுக்குங்க. தீட்டு வீட்டுதுன்னு..."

"எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. கறியில போட்டுக்கறோம்." குண்டானை எட்டிப் பார்த்து, "ஒத்த ஆளா இவ்ளோ ஜாஸ்தி பிதுக்கி வச்சிருக்கியே" என்றாள்.

அவள் குண்டானோடு இறங்கிப் போனாள். வேலூர் போய், வாலாஜாபேட்டையில் மாறி, நெமிலிக்குப் போக வேண்டும். பண்டிகை நாள், பஸ் குறைவாகத்தான் ஓடும். மதியழகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டை எடுத்தார். இழுத்துச் சாத்திய கதவை மறுபடி திறந்தார்.

அண்ணன் சொன்ன அந்த நமக்கில் ஜோதி உண்டா, இல்லையா? போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. ஊருக்குப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியவில்லை. ஆனால் இங்கே, இந்த வாசலில், சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். பங்காளி வீட்டுச் சேதியை வீட்டுக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லாமல் கிளம்புவது முறையில்லை.

"ஜோதி" என்று காலி அறையைப் பார்த்துக் கூப்பிட்டார். "நமக்குத் தீட்டு."