போயாவுக்கு முதல் நாள்

வீரம்மாவுக்குப் புத்த சமயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வருடத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறைகள் அத்தனையும் விரல்நுனியில் இருக்கும். போயாவன்று சாராயக் கடை பூட்டு. அந்த ஒரு நாள்தான் அவள் புருசன் ராசு பொழுதுபட முன் வீட்டுக்கு வந்து, கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைச் சூட்டோடு தின்பான். மற்ற நாளெல்லாம் அவனுக்கு ஆறின ரொட்டிதான். "போயாப் பொம்பிளை" என்று தர்மபுரத்தில் நாங்கள் அவளைப் பகிடி பண்ணுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மறுநாள் பூட்டென்றால் எங்கள் ஆம்பிளைகள் முதல் நாளே இரண்டு நாள் குடியைக் குடித்துவிடுவார்கள். அடிதடியும் அன்றைக்குத்தான். போன வருடம் பொசன் போயாவுக்கு முதல் நாள், கடை பூட்டுகிற நேரம், யாரோ இருவரின் சண்டையை விலக்கப் போன ராசுவின் தலையில் போத்தல் அடி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். மறுநாள் ரொட்டிக்கென்று அவள் தேங்காய் வாங்கி வைத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், மாதர் சங்கச் செயலாளரான என்னிடம் வந்தாள். "கடிதம் ஒண்டு எழுதித் தாங்கோ அக்கா."

நான்கு பக்கம் எழுதினேன். பிரதேச செயலகத்தில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. "போயாவுக்குத்தான் பூட்டுறாங்களே அம்மா, இன்னும் என்ன வேணும்?" என்றார் அதிகாரி.

"அண்டைக்கு மட்டும் பூட்டினாக் காணாது ஐயா. முதல் நாள் ஆறு மணிக்குப் பூட்டுங்கோ. பசிக்கிற நேரத்தில பூட்டினா சாப்பிட வீட்டை வருவினம்" என்றாள் வீரம்மா.

அந்தப் பேச்சுத்தான் வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நான்கு மாதம் இழுத்தடித்து, ஒருவழியாக உத்தரவு வந்தது.

முதல்முறை ஆறு மணிக்குப் பூட்டிய அன்று நான் அவள் வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையில் நின்றாள். குசினியில் ரொட்டி வாசம். சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. "தன்ர புருசன் இல்லையெண்டு எங்களையும் குடிக்க விடுறாள் இல்லை" என்று ஒருவன் கேட்கும்படியே சொல்லிப் போனான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"பேசட்டும் அக்கா. வீட்டைதானே போகினம்."

கடைசிச் சைக்கிளும் போனது. "எல்லாரும் வந்திட்டினமோ அக்கா?" என்றாள்.

"ஓம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயை நானே நொந்துகொண்டேன்.

"ரொட்டி ஆறப் போகுது" என்றாள், தெருவைப் பார்த்தபடியே.