பொறுப்பதிகாரியின் வெள்ளைச் சேட்டு

மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு யாராவது சுற்றாடல் சுத்தத்தைப் பற்றிப் பேச எழும்பினால் இன்றைக்கும் நான் வெளியே போய்விடுவேன். எல்லாம் எங்கள் பழைய பொறுப்பதிகாரியால் வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், போரால் இடம்பெயர்ந்த எங்கள் சுகாதாரக் கந்தோர், அதாவது அலுவலகம், மல்லாவியில் ஒரு தகரக் கொட்டிலில் நடந்தது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சவர்க்காரத்தைக் கண்ணால் காண்பதே அரிது. நாங்கள் பனம்பழத்தைப் பிசைந்து துவைத்தோம். வெள்ளை உடுப்பெல்லாம் மஞ்சளாகிவிடும். காயப்போட்டால் பழ மணத்துக்கு மாடு வந்து சப்பும். புழுதிக்குள் நாள் முழுக்கச் சைக்கிள் உழக்கும் எங்களுக்கு வெள்ளைதான் சீருடை என்று விதித்தவரே, வாசலில் மறித்து, "கந்தோருக்கு வாற கோலமே பிள்ளை இது? சனம் எங்களை மதிக்க வேண்டாமோ?" என்பார்.

அவருடைய சேட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும். கொழும்பிலிருந்து யாரோ சவர்க்காரம் அனுப்புகிறார்கள் என்று நம்பினேன். ஒருநாள் கையெழுத்து வாங்க அருகில் போனபோதுதான் மணம் மூக்கில் ஏறியது. குடிகிணறுகளில் கிருமி சாகப் போடும் குளோரின் தூளின் மணம். அது முடிந்துவிட்டது, இனி வவுனியாவிலிருந்து வந்தால்தான் உண்டு என்று சனத்திடம் எங்களைச் சொல்ல வைத்தவர் அவர். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூட வளவில் தங்கியிருந்த அத்தனை குடும்பங்களும் ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்தன. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இந்த மனிதர் அந்தத் தூளில் சேட்டை ஊறப்போட்டு வெளுத்திருக்கிறார். சீ என்று போய்விட்டது.

அதே சேட்டோடு அந்த வளவுக்கே போய்க் கூட்டம் வைத்தார். வேப்பமரத்தின் கீழ் கதிரையில் இருந்தபடி, குப்பை கொட்டாதேங்கோ, தண்ணியைப் பழுதாக்காதேங்கோ என்று சுற்றாடல் பாடம் நடத்தினார். முன்னால், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு தாய், துவண்டுபோன மகனை மடியில் கிடத்தியபடி இருந்தார்.

"ஐயா, கிணத்துக்குப் போடுற மருந்து முடிஞ்சுதெண்டு சொன்னவை. உங்கட சேட்டில அது மணக்குது. மிச்சம் கிடந்தா எங்கட கிணத்துக்குப் போடுங்கோவன். பிள்ளைக்குத் தண்ணி குடுக்கப் பயமாக் கிடக்கு."

கெஞ்சித்தான் கேட்டார். "அது வேற மருந்து" என்று முணுமுணுத்துவிட்டுப் பொறுப்பதிகாரி கூட்டத்தை முடித்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வரவில்லை. மகனைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார். கிணற்றுக்கு அதுவரை எதுவும் போடவில்லை. ஐயா அதே வெள்ளைச் சேட்டோடு, அதே மணத்தோடு வந்தார். கதிரையில் இருக்குமுன் என்னைக் கூப்பிட்டு, சனத்தைக் கொஞ்சம் தள்ளி இருத்தச் சொன்னார்.