விதைநெல் மூட்டைக்குள் ஒரு கடவுச்சீட்டு

சதீசனின் முதல் அடி யசோதினியின் இடது செவியில் விழுந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் அவள் அடுப்படியில், குசினி நிலத்தில் கிடந்தாள்.

"எங்கடி பாஸ்போட்?"

செவிக்குள் வண்டு குடைவதுபோல் இரைந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரத்தம்தான் வரும் என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது.

அடி அந்த வீட்டுக்குப் புதிதல்ல. யசோதினிக்கு எட்டு வயதாக இருந்தபோது, கிரானுக்கு அப்பால் வயல் வட்டையில் காவலிருந்த தகப்பனை யானை மிதித்துக் கொன்றது. முகத்தைப் பார்க்க விடாமல் சாக்கால் மூடித்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் பதினான்கு வயதில் குடும்பத்தைத் தோளில் ஏற்றியவன் அண்ணன் சதீசன். பள்ளிக்கூடத்தை விட்டான், உழவு மெஷின் ஓட்டினான், பிறகு நெல் வெட்டு மெஷின். தங்கைக்குச் சோறும் பள்ளிக் கொப்பியும் அவன் கையால்தான் வந்தன. அடியும் அதே கையால்தான் வந்தது. கணக்குப் பிழைத்தால் அடி, பிந்தி வந்தால் அடி. அதையும் பாசம் என்றே அவள் பலகாலம் நம்பியிருந்தாள், பாவம்.

இப்போது அவள் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனவியல் மூன்றாம் வருடம். மட்டக்களப்பு வாவியின் சேற்றை இருபது இடங்களில் அள்ளி, உலர்த்தி, அரித்து, அமிலத்தில் கரைத்து, வயல்களிலிருந்து வழிந்துவரும் பசளை உரத்தோடு கட்மியம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். அதை நுணுக்கமாக அளக்கும் கருவி இங்கே கிடையாது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் வருடாவருடம் உலகெங்குமிருந்து இருபது இளம் மாணவர்களை அழைத்து, பத்து வாரம் தன் ஆய்வுகூடங்களில் வேலை பழக்குகிறது. யசோதினி விண்ணப்பித்தாள்.

நேர்முகம் கைத்தொலைபேசியில்தான் நடந்தது. வீட்டில் சிக்னல் இல்லாததால் வட்டை வரம்பில் நின்று பேசினாள். நடுவில் ஜெர்மன் பேராசிரியை, "அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"என் அண்ணன். அறுவடை செய்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில். இருவரும் சிரித்தார்கள். மெஷினில் இருந்த சதீசனும் ஒன்றும் விளங்காமல் கையசைத்துச் சிரித்தான். அவன் சிரித்த கடைசி நாள் அதுதான்.

ஏனென்றால் தெரிவுக்கடிதம் வந்தது. பயிற்சி ஜூன் முதல் வாரம் தொடங்குகிறது. அந்த ஜூனில்தான் கலியாணமும். ஒரு கலியாணம் அல்ல, இரண்டு. செங்கலடியில் அஜந்தா என்ற பெண்ணைச் சதீசன் ஆறு வருடமாக விரும்பியிருந்தான். அவள் வீட்டார் மாற்றுச் சம்பந்தம் கேட்டார்கள். அஜந்தாவைச் சதீசனுக்குத் தருவார்கள், யசோதினியை அஜந்தாவின் அண்ணன் வினோஜனுக்குக் கொடுக்க வேண்டும். தாய் அன்னப்பூரணி வெற்றிலை மாற்றிச் சம்மதம் சொல்லியிருந்தாள். பத்து வாரம் பொறுக்கச் சொன்னபோது செங்கலடியிலிருந்து ஒரே பதில்தான் வந்தது. "பிளேன் ஏறின பொடிச்சி திரும்பி வாறதெங்க? அவ போனா ரெண்டும் இல்ல."

அன்றைக்கே சதீசன் கடவுச்சீட்டை எரிப்பேன் என்று சத்தியம் செய்தான். ஊர் முழுக்க மகளைத் திட்டித் திரிந்த அன்னப்பூரணி, அன்று மாலை அவளைக் கிணற்றடிக்கு அழைத்தாள்.

"விதைநெல் மூட்டைக்குள்ள வச்சிட்டன். விதைப்பு வரைக்கும் ஒருத்தனும் அதில கை வைக்க மாட்டான்."

"அம்மா, நீங்க…"

"வாயப் பொத்து. நான் உனக்கு ஓம் எண்டு சொல்லல்ல. எரிச்சிராமக் காப்பாத்தினன், அவ்வளவுதான்."

விதைக்கும் நாள் வரை விதைநெல்லை அவிழ்ப்பதில்லை. பட்டினி கிடந்த வருடத்திலும் அந்த வீட்டில் அதை அவிழ்க்கவில்லை. அன்னப்பூரணி மறந்தது ஒன்றைத்தான். சதீசனும் அதே வீட்டில்தான் வளர்ந்தவன்.

கொழும்பில் விசா நேர்காணலுக்கு முதல் நாள், பையைக் கட்டும்போதுதான் அவன் வந்து அடித்தான். வீடெல்லாம் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. சட்டென்று நின்றான். கண்கள் மெல்ல அறை மூலைக்குப் போயின.

"அட அம்மா… அதுக்குள்ளயா?"

வெட்டுக்கத்தியை எடுத்தான். முதல் மூட்டை கிழிந்து நெல் கொட்டியது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதிலிருந்து நெல்லோடு நெல்லாகக் கடவுச்சீட்டு நழுவி விழுந்தது. அதை உரல் விளிம்பில் வைத்துக் கத்தியை ஓங்கினான்.

"அண்ணன், ஒண்ணா! வேணாம் அண்ணன்!"

யசோதினி பாய்ந்து வலது கையால் கத்தியைப் பிடித்தாள். அவன் இழுத்தான். உள்ளங்கை குறுக்கே பிளந்தது. இரத்தம் உரலிலும் பொன்னிற நெல்லிலும் சொட்டியது.

"விடுடி! ஆறு வருசம்டி! உன்னால என்ட அஜந்தா போறாளேடி!" அழுதுகொண்டே மறுபடி ஓங்கினான்.

கத்தி இறங்கவில்லை. உலக்கை அவன் முழங்கையில் இறங்கியது. பச்சை மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். தண்ணீர்க் குடத்தை வாசலில் போட்டுடைத்துவிட்டு வந்திருந்த அன்னப்பூரணி மறுபடி அடித்தாள், தோளில். மறுபடி, முதுகில்.

"விதைநெல்லில ரெத்தம் விழுத்திட்டியேடா! கூடப்பிறந்தவள்ர ரெத்தத்த விழுத்திட்டியேடா!"

"போதும்மா! செத்துருவான்!" மகள் உலக்கையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். பிறகுதான் அந்தத் தாய் நெல்லின் மேல் குந்தி, தலையிலடித்து ஒப்பாரி வைத்தாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்க ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "என்ன நடந்தது?" என்று தாதி கேட்டபோது, "மெஷினில பட்டது" என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அவள் கைக்கு ஏழு தையல். அவன் கைக்கு மாவுக்கட்டு.

கொழும்புக்கு ஏறாவூர் தோழி ஸுஹைனா கூடவே வந்தாள். "கத்தியப் புடிக்கப் போனியாடி? லெப்ல பியூரெட்டுக் குழாய ஒழுங்காப் புடிக்கத் தெரியாதவள்" என்று ஏசிக்கொண்டே சோறு ஊட்டிவிட்டாள். ஏசியபடியே அழுதாள்.

விசா நிலையத்தில் கடிதங்களையெல்லாம் பார்த்த பெண், விரலடையாளம் எடுக்கும் கண்ணாடியைக் காட்டினார். பிறகு யசோதினியின் வலது கையைப் பார்த்தார். விரல் நுனிவரை வெள்ளைக் கட்டு.

"தங்கச்சி, கட்டோட எடுக்க ஏலாது. காயம் ஆறினாப் பிறகு வாங்க."

"அடுத்த திகதி எப்ப மிஸ்?"

"ஜூன் இருபதுக்குப் பிறகுதான் இருக்கு."

ஜூன் இருபதுக்குள் ஆய்வுகூடத்தில் அவள் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.  யசோதினி கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"என்ன செய்றீங்க? ஐயோ, வேண்டாம்!"

"வெட்டு உள்ளங்கையில மிஸ். விரல் நுனியில ஒண்டுமில்ல. பாருங்க."

நான்கு விரல்களையும் நீட்டிக் கண்ணாடியில் அழுத்தினாள். விரல் நிமிர, தையல் இழுபட்டது. உயிர் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு தையல் பிரிந்து மணிக்கட்டு வழியே இரத்தம் ஒழுகியது. இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"திரும்ப எடுங்க" என்றாள் யசோதினி.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். யசோதினி பல்லைக் கடித்து இன்னும் அழுத்தினாள். ஸுஹைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பச்சை விளக்கு.

வெளியே வந்து, படிக்கட்டில் அமர்ந்து, இடது கையால் வீட்டுக்கு அழைப்பெடுத்தாள்.

"விசாவுக்கு எடுத்துட்டாங்களா மகள்?"

"ஓம் அம்மா. எடுத்துட்டாங்க."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"செங்கலடியால ஆள் வந்து வெத்திலையத் திருப்பித் தந்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அன்னப்பூரணி.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கான். நான்தான் சோறு கொண்டு போறன். ஒரு கதையில்ல. மூஞ்சத் திருப்பிட்டுத் திங்கிறான்."

"கேட்டானா என்னப் பத்தி?"

"இல்ல."

 அவிழ்ந்த கட்டை ஸுஹைனா மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வலிக்கும் அழாத யசோதினி, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.